மேடைச் சொல்லும் மன்றச் சொல்லும்: வழக்கறிஞர் டி. ஆர். சீனிவாசகம்

ஈப்போ நகரில் டி. ஆர். சீனிவாசகத்தின் பெயரால் ஒரு பூங்கா உண்டு. முன்னாளில் ஆங்கிலேயரின் முடிசூட்டு விழாவை நினைவூட்டும் பெயரைத் தாங்கியிருந்த பூங்கா அது. இன்று அங்கு உலவ வரும் இளைஞரிடம், "இவர் யார்?" என்று வினவினால், "யாரோ ஒரு பெரிய வக்கீல்" என்ற அளவில் விடை கிடைக்கும். விடை பிழையன்று, ஆயினும் போதாது. தேர்தல் மேடையில் சொன்ன சொல்லை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கத் துணிந்தவர் என்பதே அவரது தனிச்சிறப்பு. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

தர்ம ராஜா சீனிவாசகம் 1921ஆம் ஆண்டில், இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அவரும் தமையனார் எஸ். பி. சீனிவாசகமும் ஈப்போவில் வழக்கறிஞர்களாக விளங்கினர். கிந்தாப் பள்ளத்தாக்கு அக்காலத்தில் ஈயத்தால் உலகப் புகழ் பெற்றிருந்தது. நகரிலும் ஈயக்கொல்லைகளிலும் சீனர் பெருந்தொகையினர். சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களிலோ தமிழர் மிகுதி. இந்நிலத்திலேதான் 1953ஆம் ஆண்டில் பேராக் முற்போக்குக் கட்சி தோன்றியது. பின்னர் அதுவே மக்கள் முற்போக்குக் கட்சி எனப் பெயர் கொண்டது.

தொடக்கம் வெற்றியாக அமையவில்லை. 1955ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் 52 இடங்களுள் 51 இடங்களைக் கூட்டணிக் கட்சி கைப்பற்றியது. எஞ்சிய ஓரிடம் இஸ்லாமியக் கட்சிக்குச் சென்றது. சகோதரர்களின் கட்சிக்கு ஓரிடமும் இல்லை. இரண்டாண்டுகள் சென்றன. ஈப்போ–மெங்கிளம்புத் தொகுதியின் உறுப்பினர் லியோங் இயூ கோ மலாக்காவின் கவர்னரானார். காலியான அவ்விடத்திற்கு 1957 நவம்பரில் இடைத்தேர்தல் நடைபெற்றது. நாடு விடுதலை பெற்று மூன்று திங்கள்கூட நிறைவுறாத வேளை அது. விடுதலை வாங்கித் தந்த ஆளுங் கட்சியின் செல்வாக்கு உச்சத்தில் இருந்தபோதே, சீனர் மிகுந்த அத்தொகுதியில் ஒரு தமிழ் வழக்கறிஞர் வென்றார்!

அவ்வெற்றியின் காரணம் யாது? குடியுரிமை, மொழி, பள்ளி ஆகிய மூன்றையும் அவர் சட்டத்தின் கண்கொண்டு பார்த்தார். எளிய மக்களுக்கு விளங்கும்படி எடுத்துரைத்தார். 1960ஆம் ஆண்டின் ரஹ்மான் தாலிப் அறிக்கையும், அதன்வழி வந்த 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் நம் ஆசிரியர்கள் அறிந்தவையே. தாய்மொழித் தொடக்கப் பள்ளிகளைத் தேசிய மொழிப் பள்ளிகளாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சருக்கு அளித்த 21(2)ஆம் பிரிவு அச்சட்டத்தில் இருந்தது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வரும்வரை அப்பிரிவு நம் பள்ளிகளின் தலைமேல் தொங்கிய வாளாகவே இருந்தது. இக்கல்விக் கொள்கையைக் கடுமையாக எதிர்த்தவர்களுள் சீனிவாசகம் சகோதரர்கள் முன்னின்றனர். 1959ஆம் ஆண்டில் அவர்கள் கட்சி நான்கு நாடாளுமன்ற இடங்களைப் பெற்றது; நான்கும் பேராக்கிலேயே. ஈப்போ நகராட்சியும் அவர்கள் கைக்கு வந்தது; எஸ். பி. அதன் தலைவரானார். இந்தோனேசியாவுடன் மோதல் நிலவிய 1964ஆம் ஆண்டில் ஆளுங் கட்சிக்கு ஆதரவு பெருகியபோதும், சகோதரர் இருவரும் தத்தம் தொகுதியைக் காத்துக்கொண்டனர்.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தலாகாது. தமிழ்ப் பள்ளிக்கும் சேர்த்தே குரல் கொடுத்த இவரைத் தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் தம் தலைவராகக் கொள்ளவில்லை. அவர்கள் ம.இ.கா.வின் வழியே கூட்டணியை ஆதரித்தனர். குடியுரிமைத் தாளாயினும் பள்ளிக் கட்டடமாயினும் அரசாங்கத்தின் வாயிலில்தானே பெற வேண்டும்? எனவே அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் தம்மவர் துணை பெரிதும் இன்றியே, பிற இனத்தவரின் நம்பிக்கையால் ஒரு தமிழர் உயர்ந்தார் என்பது வரலாறு.

அந்நம்பிக்கைக்கு உரைகல்லாக வந்தது அவதூறு வழக்கு. கல்வி அறிக்கைக்குப் பெயர் தந்த அதே அமைச்சர் ரஹ்மான் தாலிப்பின்மீது டி. ஆர். நாடாளுமன்றத்தில் ஊழற் குற்றம் சாட்டினார். அரசியலமைப்பின் 63ஆம் விதிப்படி, மன்றத்தினுள் பேசியதற்காக உறுப்பினர்மீது வழக்குத் தொடுக்க இயலாது. அக்காப்பு மன்றத்தின் வாயிலோடு முடிந்துவிடும். "வெளியே வந்து சொல்லட்டும்" என்ற அறைகூவல் எழுந்தது. வழக்கறிஞராகிய அவர் அதன் விளைவை அறியாதவரா? தோற்றால் பொருளும் போகும், பெயரும் போகும். அறிந்தே வெளியே வந்து, பொதுமேடையில் அதே குற்றச்சாட்டைக் கூறினார். அமைச்சர் வழக்குத் தொடுத்தார். வழக்கில் அமைச்சரே தோற்றார். 1965ஆம் ஆண்டில் அவர் பதவியினின்றும் விலகினார். ஆதாரம் இருந்தால் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரின் சொல்லும் அமைச்சரை அசைக்கும் என்பதை நாடு கண்டது.

1969 மார்ச்சு 15ஆம் நாள் டி. ஆர். காலமானார். ஐம்பது வயதையும் அவர் எட்டவில்லை. இரு திங்களுக்குள் வந்த பொதுத் தேர்தலில் அவர் கட்சி மீண்டும் நான்கு நாடாளுமன்ற இடங்களையும், பேராக் சட்டமன்றத்தின் 40 இடங்களுள் பன்னிரண்டையும் வென்றது. கூட்டணிக்குக் கிடைத்தவை 19. பெரும்பான்மைக்கு இரண்டு குறைவு. அதனைத் தொடர்ந்து மே 13 கலவரம் வந்தது, நாடாளுமன்றம் முடக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டில் எஸ். பி. கட்சியைப் பேராக் அரசின் பங்காளியாக்கினார். பின்னர் அது தேசிய முன்னணியிற் சேர்ந்தது. கலவரத்திற்குப் பிந்திய சூழலில் அம்முடிவுக்கும் காரணம் உண்டு. வாக்காளரோ அதனை ஏற்றிலர். 1974ஆம் ஆண்டில் மெங்கிளம்பில் எஸ். பி. தோற்றார், மறு ஆண்டில் மறைந்தார். இருபதாண்டு எதிர்த்து நின்ற சொல்லுக்கு வாக்களித்தவர்கள், அச்சொல் இடம் மாறியதும் தம் வாக்கை மீட்டுக்கொண்டனர்.

இன்னுமோர் இழப்பும் உண்டு. அச்சகோதரர்கள் வென்ற நகராட்சித் தேர்தல் 1965ஆம் ஆண்டில் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆதி நாகப்பன் தலைமையிலமைந்த அரச ஆணையம் அத்தேர்தலைத் தொடரவே பரிந்துரைத்தது, பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அத்தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆகவே, பூங்காவில் நடக்கும் இன்றைய ஈப்போவாசி, அப்பூங்காவைப் பேணும் நகராட்சியைத் தேர்ந்தெடுக்க இயலாதவராகவே உள்ளார்.

மாணவரை அப்பூங்காவிற்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், அப்பெயரை மட்டும் படித்துக் காட்டுதல் போதாது. வெளியே வந்து சொல்லத் துணியாத குற்றச்சாட்டை உள்ளேயும் சொல்லாதே என்பதே அவ்வழக்கறிஞரின் வாழ்க்கை தரும் பாடம். மேடைகள் பெருகிவிட்ட இக்காலத்தில் நம் பிள்ளைகளுக்கு அதனினும் பயன்தரும் பாடம் வேறுண்டோ?