நெருப்புக்கோழிக்குக் கோழித் தீவனம் ஏன் சரிவராது?

2025 ஏப்ரலில் பெடரல் நெடுஞ்சாலையில் கார்களுக்கு நடுவே ஓடிய நெருப்புக்கோழியின் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. இவ்வளவு பெரிய பறவை, புல்லையும் தின்னும். அப்போ இதை வளர்த்தா கோழி விலைப் பிரச்சினை தீர்ந்துடுமே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம்.

பதில் தேட, முதலில் பினாங்கு துறைமுகத்துக்குப் போகணும். படகுத்துறைக்கு இல்லை, பெருநிலத்தில் இருக்கும் பிறை மொத்தச் சரக்கு முனையத்துக்கு. மக்காச்சோளம் கப்பலில் வந்து இறங்கும் இடங்களில் அதுவும் ஒன்று. நாம் சாப்பிடும் கோழி உள்ளூர்தான், ஆனா அது தின்னும் சோளம் கிட்டத்தட்ட முழுவதும் வெளிநாட்டுச் சரக்கு. கோழி வளர்க்கும் செலவில் சுமார் 70 சதவீதம் தீவனத்துக்கே போகிறது. யுக்ரேன் போர் வந்து தானிய விலை ஏறிய 2022-இல், ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியையே நிறுத்தியது நினைவிருக்கலாம்.

சரி, நெருப்புக்கோழிக்கு வருவோம். பார்க்கப் பறவை, ஆனா குடலைப் பார்த்தால் குதிரை மாதிரி. கோழிக்குக் கழுத்தடியில் இரையைச் சேர்த்து வைக்கும் பை உண்டு. இதற்கு அது கிடையாது. விழுங்கிய கற்களை வைத்து வயிற்றுக்குள் இரையை அரைக்கும். அதன் பிறகுதான் முக்கியமான வேலை: மிக நீளமான பெருங்குடலில் நுண்ணுயிரிகள் நார்ச்சத்தைப் புளிக்க வைத்து, கொழுப்பு அமிலங்களாக மாற்றும். அந்த அமிலங்கள்தான் பறவைக்கு ஆற்றல்.

1990-களில் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். சோளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை: ஒரு கிலோவிலிருந்து சேவலும் நெருப்புக்கோழியும் ஏறக்குறைய 14, 15 மெகாஜூல் எடுத்தன. குதிரைமசால் என்ற தீவனப் பயிரில்தான் ஆச்சரியம். அதில் சேவலுக்குக் கிடைத்தது சுமார் 4 மெகாஜூல், நெருப்புக்கோழிக்குச் சுமார் 9. இது மாட்டுக்குக் கிடைப்பதற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும் அளவு. கோழிக்கான கணக்கை அப்படியே போட்டு நெருப்புக்கோழிக்குத் தீவனம் கலந்தால் என்ன ஆகும்? தேவைக்கு மேல் ஆற்றல் போய், கொழுப்பு சேரும்.

இன்னொரு சிக்கல் குஞ்சுகளிடம். மூன்று வாரக் குஞ்சால் நார்ச்சத்தில் 10 சதவீதத்தைக்கூட செரிக்க முடியாது. பத்து வாரத்தில் அது பாதியளவுக்கு உயரும். அதற்கு முன்னாலேயே நீளமான புல்லைப் போட்டால் வயிற்றில் அடைத்துக்கொண்டு குஞ்சு செத்தே போகலாம். சத்து அதிகமாகி உடம்பு வேகமாகக் கனத்தாலும் ஆபத்து, கால்கள் வளைந்துவிடும். புல் தின்னும் பறவைதானே என்று தொடங்குபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த முதல் மாதங்களில்தான்.

அப்போ விலை? இங்கேதான் கணக்கு திரும்புகிறது. இறைச்சிக் கோழி ஒரு கிலோ எடை கூட 2 கிலோவுக்கும் குறைவான தீவனம் போதும். பன்றிக்குச் சுமார் 3 கிலோ. நெருப்புக்கோழிக்கு 4, 5 கிலோ, வயது ஏற ஏற இன்னும் அதிகம். கோழி ஆறு வாரத்தில் சந்தைக்கு வந்துவிடும். இது வர 10 மாதத்துக்கு மேல் ஆகும். முட்டையிடவோ இரண்டு, மூன்று வருஷம் காத்திருக்கணும்.

அதனால் இதைக் கோழியோடு ஒப்பிடுவதைவிட மாட்டோடு ஒப்பிடுவதுதான் நியாயம் என்பேன். இறைச்சியும் மாட்டிறைச்சி மாதிரி சிவப்பு, கொழுப்பு குறைவு. தரமான பசுந்தீவனம் சொந்த நிலத்திலேயே விளைந்தால், கப்பல் சோளத்தை ஓரளவு குறைக்கலாம். முழுசா நிறுத்த முடியாது, குஞ்சுகளுக்கு அது வேண்டும். இப்போதைக்கு மலேசியர்கள் இந்தப் பறவையைக் கிட்டத்தில் பார்ப்பது போர்ட்டிக்சன், டெசாரு மாதிரி இடங்களில் உள்ள சுற்றுலாப் பண்ணைகளில்தான். பினாங்கு நாசி கண்டார் கடையில் உங்க தட்டுக்கு வருவது இன்னும் அதே கோழிதான்.