இசைக்குப் பொருள் ஈவது ஏன்?

ஆண்டு விழா நெருங்குந்தோறும் சங்கத்தார் இல்லந்தோறும் வந்து இசை நிகழ்ச்சிக்கென நன்கொடை கேட்பது நம்மிடையே வழக்கம். மகிழ்ந்து கொடுப்போர் பலர், தயங்குவோர் சிலர். "வானொலியிலும் கைப்பேசியிலும் காசின்றிக் கேட்கும் பாட்டிற்கு நாம் ஏன் பணம் தருதல் வேண்டும்?" என்பது அவர்தம் வினா. அது நேர்மையான வினாவே. கொள்ளேகாலைச் சூழ்ந்த இம் மண்ணின் வரலாறு அதற்கு விடை கூறுகிறது.

நம் ஊர் பட்டுக்குப் பெயர் பெற்றது. கைத்தறியில் பல நாள் நெய்த துணியை விசைத்தறி விரைவில் நெய்து முடிக்கின்றது. இசையிலோ அத்தகைய குறுக்கு வழி இல்லை. நால்வர் கூடி அரை மணி நேரம் இசைக்க வேண்டியதற்கு இருநூறு ஆண்டுகட்கு முன்னும் நால்வரே வேண்டும். இன்றும் நால்வரே வேண்டும். கலைஞர்க்கும் வீட்டு வாடகையும் அரிசி விலையும் மற்றவர்க்குப் போலவே உயர்கின்றன. அவர்தம் உழைப்பின் நேரம் மட்டும் சுருங்குவதில்லை. பாமோல், போவன் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் இருவர் 1966-ல் வெளியிட்ட நூலில் இவ்வுண்மையை விளக்கினர். நுழைவுச் சீட்டின் வருவாய் மட்டும் கலையைத் தாங்காது. எஞ்சிய சுமையை அன்பர்களே தாங்குதல் வேண்டும்.

முற்காலத்தில் அச்சுமையை அரசர் தாங்கினர். வீணை சேஷண்ணாவும் வாசுதேவாசாரியாரும் மைசூர் அரண்மனையின் ஆதரவில் விளங்கிய மேதைகள். அம்மரபில் வந்தவர் 1919-ல் பிறந்த ஜெயசாமராஜ உடையார். கர்நாடக இசையில் கீர்த்தனைகள் பல இயற்றிய அவர், மேனாட்டு இசையிலும் ஆழ்ந்த பற்றுடையவர். கொள்ளேகால் 1956 நவம்பர் முதல் நாள் வரை கோவை மாவட்டத்தின் பகுதியாக இருந்து, பின்னரே மைசூர் மாநிலத்தைச் சேர்ந்தது. உடையாரும் மைசூருக்கு ஆளுநராய் இருந்து, 1964 முதல் 1966 வரை சென்னைக்கும் ஆளுநரானார். ஆதலின் இரு மாநிலத்தார்க்கும் உரியவர் எனலாம்.

நிக்கொலாய் மெட்னர் என்னும் உருசிய இசையமைப்பாளர் தம் நாட்டை விட்டு நீங்கி, முதுமையில் இலண்டனில் வாழ்ந்து வந்தார். அவர்தம் இசையை நேசித்த உடையார், அதனை இசைத்தட்டுகளில் பதிவு செய்யப் பொருளுதவி புரிந்தார். கூடமொன்றில் நால்வர் ஐவர் அமர்ந்து வாசிக்கும் இசையை மேனாட்டார் சேம்பர் மியூசிக் என்பர். அவ்வகையைச் சேர்ந்த மெட்னரின் படைப்புகளும் அவ்வுதவியின் எல்லைக்குள் அடங்கின. நன்றியின் அடையாளமாக மெட்னர் தம் மூன்றாம் பியானோ கான்செர்ட்டோவை உடையாருக்குக் காணிக்கையாக்கினார். 1951-ல் அவர் மறைந்தார். அவர் விரல்கள் எழுப்பிய ஒலி இன்றும் கேட்கின்றது. இலண்டன் பில்ஹார்மோனியா இசைக்குழுவுக்கும் ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுன் வீதம் மூன்றாண்டுகள் அளிக்க உடையார் இசைந்தார். 1950 மே 22-ல் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் இறுதிப் பாடல்கள் நான்கும் இலண்டனில் அரங்கேறியபோது, செலவுக்கு 4,800 டாலர் பொறுப்பேற்றவர் அவரே. அந்நிகழ்ச்சியை நேரிற் காண அவரால் இயலவில்லை. கொடுத்தவர் மைசூரில் இருக்க, கேட்டவர் இலண்டனில் இருந்தனர்!

ஆயினும், ஒருவர் கொடைக்கு எல்லை உண்டு. சமஸ்தானங்கள் இணைந்தன, மன்னர் மானியமும் 1971-ல் ஒழிந்தது. 1964-ல் பில்ஹார்மோனியாவைக் கலைக்க அதன் நிறுவனர் முற்பட்டார். அப்போது இசைஞர் தாமே கூடித் தம்மைத் தாமே ஆளும் குழுவாகி அதனைக் காத்தனர். அரசர் பொருள் தொடங்கி வைத்ததைப் பலர் கை நிலைநிறுத்தியது.

நம் அண்டையூராகிய நஞ்சனகூட்டில் 1878-ல் பிறந்த பெங்களூர் நாகரத்தினம்மாளையும் இங்கு நினைத்தல் தகும். அவர் அரசியல்லர், பாடிப் பொருள் ஈட்டியவர். திருவையாற்றில் தியாகராசரின் சமாதி சீர்குலைந்து கிடப்பதை அறிந்து மனம் வருந்தித் தம் பொருளைச் செலவிட்டார். 1921-ல் பணி தொடங்கி, 1925-ல் குடமுழுக்குக் கண்டார். ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லாதிருந்த நாளில், 1927-ல் பெண்களுக்கெனத் தனியே நிகழ்ச்சி நடத்தினார். பின்னர் யாவரும் ஒன்றுகூடும் விழாவாயிற்று அது. தம் சொத்தையும் அதற்கே எழுதி வைத்து, 1952-ல் மறைந்தார். இன்று திருவையாற்றில் அமர்ந்து கேட்போருள் எத்தனை பேர் அவர் முகத்தைக் கண்டவர்?

இவ்விருவர் வாழ்வும் உணர்த்துவது ஒன்றே. இசைக்கு ஈவது, கேட்ட பாட்டிற்குக் கொடுக்கும் விலையன்று. நாம் காணா இடத்தும் நமக்குப் பின்னும் பிறர் கேட்பதற்கான ஏற்பாடு. கைப்பேசியில் ஒலிக்கும் பாட்டும், என்றோ யாரோ ஒருவர் கலைஞரைப் பேணியதன் பயனன்றோ?

நம்மிடையே அரசர் இல்லை. ஆனால், தாய்மண்ணை விட்டு வந்த குடும்பங்கள் பல உள. தமிழ்ப்பாட்டைப் பள்ளியிற் கேளாத நம் குழந்தைகள் விழா மேடையிலேனும் அதனை நேரிற் கேட்டல் வேண்டும். அதற்கென ஒவ்வோர் இல்லமும் தரும் சிறு தொகை, ஓர் அரசர் தரும் பெருந்தொகையினும் நெடிது நிற்கும். அடுத்த முறை சங்கத்தார் வாயிலில் வந்து நிற்கும்போது இதனை நினைவு கூர்வோமாக!

வளர்க இசை! வாழ்க தமிழ்!