இரண்டு விழுக்காடும் எந்தத் தெருவும்: நிறுவனச் சமூகப் பொறுப்பின் இடர்கள்

நிறுவனச் சமூகப் பொறுப்பு எனப்படும் சி.எஸ்.ஆர். இந்தியாவில் கொடையன்று, சட்டக் கடமை. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. நிகர மதிப்பு ரூ.500 கோடி, விற்றுமுதல் ரூ.1,000 கோடி, நிகர லாபம் ரூ.5 கோடி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். செலவிடாத தொகையை உரிய கணக்குக்கோ நிதிக்கோ மாற்றத் தவறினால், அதன் இருமடங்கு அல்லது ரூ.1 கோடி, இவற்றுள் குறைவானது தண்டம். நிறுவனங்கள் அஞ்சுவது இத்தண்டத்துக்குத்தான். பெரிய இடர்கள் வேறிடத்தில் உள்ளன.

சொந்த ஊழியர்களுக்கான நலச்செலவும், பிற சட்டங்கள் ஏற்கெனவே கட்டாயப்படுத்தும் செலவும் சி.எஸ்.ஆர். ஆகா என்கின்றன விதிகள். எனவே ஆலைப் பாதுகாப்பை அறக்கணக்கில் எழுத முடியாது. சிவகாசி வட்டாரத்துக்கு இது முதன்மையானது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேரும், 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோரும் மாண்டனர். சிறு ஆலைகள் பலவும் 135ஆம் பிரிவின் வரம்புக்குள் வருவதே இல்லை. அவற்றின் சரக்கை வாங்கி விற்கும் பெரிய நிறுவனம் பள்ளிக்கூடம் கட்டித் தந்தாலும், அடுத்த வெடிவிபத்தன்று அதன் பெயரும் கேள்விக்குள்ளாகும்.

தூத்துக்குடி இதற்குச் சான்று. ஸ்டெர்லைட் நிர்வாகமும் நலத்திட்டங்களை நடத்தியது. 2018 மே 22 அன்று தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். ஆறு நாட்களில் ஆலை மூடப்பட்டது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மனுவைத் தள்ளுபடி செய்தது.

அதிகம் பேசப்படாத இடர் சாதி. சட்டத்தின் ஏழாம் அட்டவணை ‘சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கிய பிரிவினர்’ எதிர்கொள்ளும் ஏற்றத்தாழ்வைக் குறைப்பது பற்றிப் பொதுவாகச் சொல்கிறது. மத்திய அரசின் நிதிகளுக்கான பங்களிப்பைச் சொல்லும் இடத்தில் மட்டுமே பட்டியல் சாதியினரைப் பெயர் சுட்டுகிறது. மல்லாங்கிணறு போன்ற ஒரு பேரூராட்சிக்குக் குடிநீர்த் தொட்டி தரும் நிறுவனம், ‘கிராமம் பயனடைந்தது’ என அறிக்கையில் எழுதிவிடலாம். தொட்டி ஊர்த்தெருவில் நின்று, காலனி மக்கள் அங்கே தடுக்கப்பட்டால்? தடுப்பவர்கள் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். தொட்டியின் மேல் இருப்பதோ நிறுவனத்தின் பெயர்ப்பலகை.

விருதுநகர் 2018 முதல் முன்னேற விழையும் மாவட்டப் பட்டியலில் இருப்பதால் இங்கு சி.எஸ்.ஆர். நிதி ஊக்குவிக்கப்படுகிறது. இயக்குநர் குழு ஏற்ற திட்டங்களை இணையதளம் உள்ள நிறுவனம் அதில் வெளியிட்டாக வேண்டும். அப்பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு திட்டமும் எந்தத் தெருவில் நிற்கிறது என்று மாணவர்கள் நேரில் சரிபார்க்கலாம்.