2-ஆ, 3-ஆ? ஒரு முள் பஞ்சாயத்து

போன வாரம் நண்பனோட கச்சேரிக்கு ரெண்டு மைக் கேபிள் சால்டர் பண்ணிக் கொடுத்தேன். ஒண்ணுல மட்டும், ஒரு முனையில 2, 3 கம்பிகளை மாத்திட்டேன். மைக்குகளைப் பக்கத்துல வச்சதும் பாட்டு பாதியாயிடுச்சு. மானம் போச்சு!

இந்த ரெண்டு கம்பி கதை பழசுங்க. டெலிபோன் இரைச்சலைக் குறைக்க, 1881-ல் கிரஹாம் பெல் ரெண்டு கம்பியை முறுக்கிக் காப்புரிமை வாங்கினார். இரைச்சல் ரெண்டிலும் ஒரே மாதிரி ஏறும். குரல் எதிரெதிராகப் போகும். கழித்தால் குரல்தான் மிஞ்சும்.

பிறகு அமெரிக்காவின் கேனன் கம்பெனி எக்ஸ்எல்ஆர் இணைப்பியைக் கொடுத்தது. 1 ஷீல்டு, சரி. பாசிட்டிவ் எது? சில கம்பெனிகள் 2, சில 3. 1992-ல் வந்த ஏஇஎஸ்14 தரம்தான் 2 என்று தீர்ப்பு சொன்னது.

அதைத்தான் நான் மறந்தேன். இனிமே மல்டிமீட்டர் வைக்காம கேபிளைக் கொடுக்கறதில்லை :-)