ஊவாவில் ‘ஒருவனுக்கு ஒருத்தி’: சமயம், சட்டம், பதிவேடு

ஒருபாலினர் திருமணம் என்ற பேச்சு இலங்கையில் எழும்போதெல்லாம் ஒரே பதில்தான் வருகிறது: ஒருவனுக்கு ஒருத்தி என்பது ஆதி வழக்கம், நம் சமயங்கள் எல்லாவற்றுக்கும் அதுவே அடித்தளம். ஊவா மாகாணத்தின் மண வரலாறு இந்த வாதத்துக்குச் சாட்சி சொல்ல வராது. அங்கே அந்த விதி 1859இல் ஒரு கட்டளைச் சட்டமாக வந்து சேர்ந்தது. மூன்றே ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் யூட்டா மலைநாட்டில் வாழ்ந்த மோர்மன் சபையினர் மீதும் இதே விதி சட்டமாக இறங்கியது. இன்று அந்தச் சபையே ஒருவனுக்கு ஒருத்தி என்பதை வேதக் கட்டளையாகக் காக்கிறது.

ஊவா கண்டி இராச்சியத்தின் பகுதியாக இருந்தது. அண்ணன் தம்பியர் ஒரே பெண்ணை மணந்து, ஒரே வீட்டில் உண்டு, ஒரே வயலை உழுது வாழ்வது கண்டியர் நடுவே ஒளிவுமறைவில்லாத வழக்கமாக இருந்தது. வயல் துண்டாடப்படாமல் இருந்தது. அரசனுக்குச் செய்யும் கட்டாய ஊழியமான இராசகாரியத்துக்கு ஒருவர் போனால் வீட்டில் இன்னொருவர் இருந்தார். பௌத்தம் திருமணத்தைச் சமயச் சடங்காகக் கொள்ளவில்லை. அது உறவினர் பார்த்து முடிக்கும் காரியம். 1815இல் கண்டி பிரித்தானியர் கைக்குப் போன பிறகும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் இதைத் தொடவில்லை. ஆளுநர் ஹென்றி வார்டின் காலத்தில் வந்த 1859ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பல கணவர் மணத்தையும் பல மனைவியர் மணத்தையும் ஒருசேரத் தடுத்தது; பதிவு செய்யாத மணம் செல்லாது என்றும் ஆக்கியது. இதை வெள்ளையரின் திணிப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கண்டித் தலைவர்களே இதைக் கேட்டு விண்ணப்பித்தார்கள். ஊர்ச்சனம் என்னவோ பழையபடியே மணந்துகொண்டிருந்தது. அதனால் சட்டத்தின் கண்ணில் முறைகேடாய்ப் பிறந்த பிள்ளைகள் பெருகினார்கள். 1870இல் புதிய கட்டளைச் சட்டம் கொண்டுவந்து, பரஸ்பரச் சம்மதத்தின் பேரில் மணமுறிவுக்கு இடம் கொடுத்து, அரசு கொஞ்சம் இறங்கிவர நேர்ந்தது.

மோர்மன் கதை இதைவிடக் கடுமையானது. 1852இல் சால்ட் லேக் நகரில் ஓர்சன் பிராட், பலதார மணம் இறைவனின் கட்டளை என்று வெளிப்படையாக அறிவித்தார். அடுத்த ஆண்டே சபையின் ஊழியர்கள் சென்னைக்கும் இலங்கைக்கும் வந்தார்கள். அதிகம் பேரைச் சேர்க்க முடியவில்லை. 1862இல் அமெரிக்கக் காங்கிரஸ் பலதார மணத்தைக் குற்றமாக்கியது. அதற்காகத் தண்டிக்கப்பட்ட மோர்மன் ஜோர்ஜ் ரெய்னால்ட்ஸ், தன் நம்பிக்கையின்படி நடப்பது தன் உரிமை என்று செய்த மேன்முறையீட்டில், 1879இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. நம்பிக்கையை அரசு தொடாது, செயலைத் தொடும் என்பதே தீர்ப்பின் சாரம். அதற்குத் தலைமை நீதியரசர் வெய்ட் காட்டிய உதாரணங்களில் ஒன்று கணவனின் சிதையில் ஏறும் மனைவி. பலதார மணம் ஆசிய, ஆப்பிரிக்க மக்களுக்கு உரியது என்றும் தீர்ப்பு சொன்னது. யூட்டாவின் வெள்ளைக்காரர்களை அடக்க நம் பக்கத்து உடன்கட்டையைத் துணைக்கு அழைத்ததை என்னவென்பது! 1887இன் சட்டம் சபையின் சொத்திலேயே கை வைத்தது. 1890இல் சபைத் தலைவர் வில்பர்ட் வுட்ரப் பலதார மணத்தைக் கைவிடும் அறிக்கையை வெளியிட்டார். 1896இல் யூட்டா மாநிலத் தகுதி பெற்றபோது, அதன் அரசியலமைப்பிலேயே அந்தத் தடை எழுதப்பட்டிருந்தது.

ஊவாவின் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களின் நிலை வேறு. பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, அப்புத்தளை மலைகளில் முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் வந்தவர்கள், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிக் குடும்பம் நடத்தினார்கள். வட மாகாணத்துத் தமிழருக்குத் தேசவழமை என்ற வழக்கச் சட்டம் உண்டு. கண்டியருக்கும் முஸ்லிம்களுக்கும் தனி மணச் சட்டங்கள் உண்டு. தோட்டத் தமிழருக்கென்று அப்படி ஒன்றும் இல்லை. அவர்களுக்கு இருப்பது 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம்தான். அதன்கீழ் பதிவு மணத்துக்குச் சிறந்த அத்தாட்சி; ஆனால் பதியாததாலேயே மணம் செல்லாமல் போய்விடாது. வழக்கப்படி தாலி கட்டியதை நிரூபித்தால் நீதிமன்றம் ஏற்கும். ஆகவே ஒரே மலைச் சரிவில், கீழே கிராமத்துக் கண்டியர் மணம் பதிவில்லாமல் செல்லாது, மேலே லயத்து மணம் தாலியாலேயே செல்லும் என்ற இரட்டை நிலை இருந்தது.

சலுகை போலத் தெரிந்த இது 1949இல் சிக்கலாகியது. இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் (குடியுரிமை) சட்டம், குடியுரிமை கேட்கும் மணமாகாதவர் 1946க்கு முன் பத்தாண்டு தொடர்ந்து வசித்ததைக் காட்ட வேண்டும், மணமானவர் ஏழாண்டு காட்டினால் போதும் என்றது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. ஏழாண்டு போதும் என்று கேட்க மணத்தை நிரூபிக்க வேண்டும்; அம்மன் சாட்சியாகக் கட்டிய தாலியை அதிகாரியின் மேசையில் வைத்துக் காட்ட முடியுமா? கோயில் ஏற்ற மணமும் அரசு ஏற்ற மணமும் வேறு வேறு என்பதைத் தோட்டத் தமிழர் அனுபவித்து அறிந்தவர்கள். ஐயர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்களைத் தமிழ்நாடு 1967இல் சட்டப்படி செல்லுபடியாக்கியபோது எதிர்ப்பக்கத்திலிருந்து இதே பிளவு தெரிந்தது: அங்கே சடங்கு இல்லை, அரசின் ஏற்பு உண்டு.

சமயம் மணத்தை எவ்வளவு விரித்துப் பார்க்கும் என்பதற்குக் கதிர்காமமே போதும். அதுவும் ஊவா மாகாணம்தான். தெய்வானை இருக்க, வள்ளியைக் களவில் மணந்த முருகனை அங்கே சிங்களவரும் தமிழரும் கும்பிடுகிறார்கள்; ஆடி விழாவின் உயிரே முருகன் வள்ளி சந்நிதிக்குப் போவதில்தான் இருக்கிறது. பதிவாளர் ஏற்காத மணம் அது.

ஒருபாலினர் உறவைக் குற்றமாக்கிய 365, 365அ பிரிவுகளும் பிரித்தானியர் காலத்து 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் வழி வந்தவையே. 365அ ஆண்களை மட்டும் குறித்தது. 1995இல், சுதந்திர இலங்கையின் பாராளுமன்றம் ‘ஆண்’ என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பெண்களையும் உள்ளே கொண்டுவந்தது. விக்டோரியா காலத்து மிச்சம் என்று சொல்லி நாம் கைகழுவ முடியாது. இந்த உறவைக் குற்றமற்றதாக்க 2023இல் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனி உறுப்பினர் சட்டமூலத்தை எதிர்த்தவர்கள், பௌத்தத்துக்கு முதலிடம் தரும் அரசியலமைப்புப் பிரிவையும் துணைக்கு அழைத்தார்கள். உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்ற தீர்மானத்தை அந்த மே மாதம் சபாநாயகர் அறிவித்தார். 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தபோது அது சட்டமாகியிருக்கவில்லை.

365அ விரிந்த அதே 1995இல், மோர்மன் சபை ஆணும் பெண்ணும் சேர்வதே இறைவன் விதித்த மணம் என்ற குடும்பப் பிரகடனத்தை வெளியிட்டது. 2008இல் கலிபோர்னியாவில் ஒருபாலினத் திருமணத்தைத் தடுக்கும் வாக்கெடுப்புக்காக உறுப்பினர்களைத் திரட்டியது. 2015இல் அமெரிக்கா முழுவதும் அத்திருமணம் சட்டமானதும், அப்படி மணந்தவர்களைச் சபைத் துரோகிகள் என வகைப்படுத்தி, அவர்களோடு வாழும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் மறுத்தது; 2019இல் அதைத் திரும்பப் பெற்றது. 2022இல் ஒருபாலின மணங்களின் சிவில் ஏற்பைக் காக்கும் மத்தியச் சட்டத்தை, சமய நிறுவனங்களுக்கான பாதுகாப்புகளோடு ஏற்றுக்கொண்டது. கோட்பாடு மாறவில்லை, அதன் ஆலயங்களில் இன்றும் அத்தகைய மணம் நடக்காது. அரசு தன் மணத்தில் தலையிட்டால் என்னவாகும் என்பதைச் சொத்திழந்து கற்ற சபை, அரசின் மணத்தை அரசிடமே விட்டுவிட்டது என்று இதைப் படிக்கலாம்.

உயர் நீதிமன்றத்தின் 2023 தீர்மானம் தண்டனையைப் பற்றியது. திருமணத்தை அது தொடவில்லை. நாளை சிவில் ஏற்பு வருமானால் இலங்கையில் அது ஒரே கதவால் வராது. முஸ்லிம் விவாகச் சட்டத்தைத் திருத்தும் பேச்சே பல பத்தாண்டுகளாக இழுபடுகிறது. கண்டியர் தம் சட்டத்தையோ பொதுச் சட்டத்தையோ தேர்ந்துகொள்ளலாம். தனிச் சட்டம் இல்லாத தோட்டத் தமிழருக்கு 1907இன் பொதுச் சட்டம் ஒன்றே வாசல். அதில் ஒரு திருத்தம் விழுந்தால் நேரே லயத்துக்கு வந்துவிடும். அதற்கு எந்தக் கோயில் நிர்வாக சபையின் சம்மதமும் சட்டப்படி தேவைப்படாது.