பிறர் நூற்குத் தமிழ் திருத்திய நாவலர்

சிவமயம்

கோயம்புத்தூரினின்றும் அவிநாசிக்குச் செல்லும் பெருவழியிலே கருமத்தம்பட்டி என்னும் ஊர் உளது. கத்தோலிக்கர்க்குரிய செபமாலை மாதா கோயில் 17-ஆம் நூற்றாண்டு தொட்டு அங்கே விளங்குவது. அவ்வூரினின்று கிழக்கே செல்வார்க்கு, முதலையுண்ட பாலனை நம்பியாரூரர் அழைத்தருளிய அவிநாசித் திருப்பதி முதலில் எதிர்ப்படும். அதற்கும் அப்பால், பெருந்துறையை அடுத்துள்ள சீனாபுரமே நன்னூல் செய்த பவணந்தி முனிவர் ஊர் என்பர். ஒரு வழியிலே மூன்று சமயத்தார்க்குரிய இடங்கள் இங்ஙனம் நிரலே அமைந்தன. அம்மூவர்க்கும் பொதுவாய் நின்றது யாதெனின், இலக்கணம் என்க. பவணந்தியார் சைனர். அவர் நூற்கு விருத்தியுரை கண்ட சங்கர நமச்சிவாயரும், அதனைத் திருத்திய மாதவச் சிவஞான யோகிகளும் சைவர். அதனைப் பாடங்கேட்டோரோ எல்லாச் சமயத்தினரும் ஆவர்.

ஆதலின், ஒரு சமயத்தார் தமக்கு இன்றியமையாத நூலொன்றை எழுதுங்கால், இலக்கணத்தின் பொருட்டும் சொன்னடையின் பொருட்டும் பிற சமயத்துப் புலவரைத் துணைக்கொள்ளுதல் வியப்பன்று. அங்ஙனம் நிகழ்ந்தவற்றுள் சைவர் மறத்தற்கரியது யாழ்ப்பாணத்திலே நிகழ்ந்ததொன்று.

நல்லூரில் 1822-ஆம் ஆண்டிலே தோன்றிய ஆறுமுகம்பிள்ளை, சரவணமுத்துப் புலவர், சேனாதிராய முதலியார் ஆகிய இருவர்பாலும் தமிழ் கற்று, வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலமும் கற்றார். அப்பாடசாலைத் தலைவராகிய பேர்சிவல் பாதிரியார் அவரை அங்கேயே ஆசிரியராக அமர்த்தியதோடு, தாம் மேற்கொண்ட விவிலிய மொழிபெயர்ப்புக்குத் தமிழ்ப் பண்டிதராகவும் கொண்டார். அப்பொழுது நாவலர்க்கு அகவை இருபது அளவினது. நாவலர் என்னும் பட்டம் அந்நாளில் இல்லை. அது பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்தார் அளித்தது.

பாதிரிமார் தமிழில் மறைநூல் எழுதுதல் அன்று புதிதன்று. சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1714, 1715-ஆம் ஆண்டுகளிலே தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அதன்பின் பப்ரீசியுசும் இரேனியுசும் மொழிபெயர்த்தனர். அவர்கள் உழைப்புப் பெரிதே. ஆயினும் பிறநாட்டார் தாம் கற்றுக்கொண்ட மொழியில் எழுதும்பொழுது பிழை புகும் வாயில்கள் பல. திணை பால் மயங்கும், உருபு இடமாறும், எழுவாய் ஓரிடத்தும் பயனிலை நெடுந்தொலைவினும் நிற்கும். வல்லெழுத்தொன்றாலே பொருள் வேறுபடுதலும் உண்டு. 'வேலை கொடுத்தான்' எனின் தொழில் அளித்தான் என்றாம்; 'வேலைக் கொடுத்தான்' எனின் படைக்கலமாகிய வேலினைக் கொடுத்தான் என்றாம். ஓலைச் சாசனமாயினும் மறைநூலாயினும், இத்தகைய ஓரெழுத்தினால் உண்மை சிதையுமன்றோ? எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் உள்ள பொருளைக் காத்தல் பாதிரியார் கடன். அப்பொருள் தமிழர் செவிக்குத் தமிழாய்ப் புகச் செய்தல் பண்டிதர் கடன். இவ்விரண்டும் ஒருவர்பாலே அமைதல் அரிது. தாம் தமிழ் வல்லராயிருந்தும் பேர்சிவல் இதனை உணர்ந்து துணை தேடியது அவர் பெருந்தன்மை.

மொழிபெயர்ப்பு முற்றிய பின் அதனைச் சென்னைக்குக் கொண்டுசென்றனர் என்றும், அங்கே மழவை மகாலிங்கையர் அதன் தமிழ்நடையை ஆராய்ந்து பிழையின்று என உடன்பட்டனர் என்றும் நாவலர் சரித்திரம் எழுதினோர் கூறுவர். கிறித்தவ நூலின் தமிழை நிறைகோலிட்டவர் ஒரு வைதிக அந்தணர். நிறையில் நின்றது ஒரு சைவ இளைஞரது உழைப்பு.

அந்நூல் 1850-ஆம் ஆண்டிலே சென்னையில் அச்சாயிற்று. பரீட்சைப் பதிப்பு என்னும் பொருள்படவே அதற்குப் பெயரும் இட்டனர். அதன்கண் நாம் நோக்கற்பாலது ஒரு சொல். பப்ரீசியுசு முதலியோர் இறைவனைப் 'பராபரன்' என்றனர். இப்பதிப்போ 'தேவன்' என்றது. சைவ நூல் பயின்றார்க்கு இம்மாற்றம் சிறிதன்று. பராபரன் என்பது முழுமுதற் பொருளைக் குறிப்பது. தேவரோ பசு வருக்கத்தினர், பிறந்திறப்போர். அதுபற்றியே சிவபெருமானை மகாதேவன் என அடைகொடுத்து வழங்குகின்றோம். இச்சொல்லைத் தெரிந்தமைக்கு நாவலரைக் காரணராக்குதல் பொருந்தாது. பண்டிதர் சொல்லின் வடிவைத் திருத்தலாம். நூலுடையார் தம் கடவுளை எப்பெயரால் அழைத்தல் வேண்டும் என்பது அவர் உரிமை.

சென்னைப் பக்கத்து மிஷனார் பலர் அப்பதிப்பைத் தம் வழக்கிற்கு ஏற்றுக்கொள்ளவில்லை. பழைய பாடத்திலே பழகிய நாவுக்குப் புதுப்பாடம் கசந்தது போலும். பின்னர்ப் பவர் ஐயர் தலைமையிற் கூடிய குழுவினர் மீளத் திருத்திய விவிலியம் 1871-இல் வெளிவந்தது. தேவன் என்னும் சொல் அதனுள்ளும் நிலைபெற்றது.

இனி, சைவராகிய நாவலர் பரசமய நூலைத் திருத்தியது தகுமோ என்று வினவுவார் சைவருள் இன்றும் உளர். வினா இகழத்தக்கதன்று. நெற்றியில் நீறு துலங்க இருந்து, தாம் உடன்படாத கொள்கையைத் தம் கையாலே செவ்விய தமிழாக்கினார். அத்தமிழைக் கற்றுச் சமயம் மாறினாரும் இருந்திருக்கலாம். ஆயினும், அவர் அப்பணியை அரைமனத்தோடு செய்து பிழைகளை வேண்டுமென்றே விட்டுவைத்திருப்பின், அதுவன்றோ சைவத்துக்கு இழுக்கு? கேட்டார்க்கு இலக்கணம் சொல்லுதலும், சொன்னதைக் கரவின்றிச் சொல்லுதலும் ஆசிரியர் இயல்பு. பவணந்தியார் சைனரென்று சைவர் நன்னூலைத் தள்ளினாரில்லை; நாவலரும் 1851-ஆம் ஆண்டிலே நன்னூல் விருத்தியுரையைப் பதிப்பித்தனர்.

மற்றொன்று. அந்நூலை எழுத்தெழுத்தாகப் பயின்றமையின் அதன் உள்ளுறை முழுவதும் நாவலர்க்கு அங்கை நெல்லியாயிற்று. அவர் 1848-இல் மிஷன் பணியை விடுத்து வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சைவக் கிரியைகளைப் பாதிரிமார் இகழ்ந்து எழுதியவற்றுக்கு மறுப்பாக 1854-இல் 'சைவதூஷணபரிகாரம்' வெளியிட்டார். அதன்கண் யூதர் ஆலயத்துப் பலியும் தூபமும் தீபமும் பிறவும் விவிலியத்தினின்றே எடுத்துக் காட்டப்பட்டன. அவற்றைப் பரசமயத்தார் மறுக்க வேண்டின், தம் மறைநூலையே மறுக்க வேண்டியதாயிற்று.