பனியன் தொழிலில் தசைப்பிடிப்பு: சத்துக்குறைவு விளக்கத்தின் எல்லைகள்

திருப்பூரில் கெண்டைக்காலில் கொரக்களி பிடித்தாலும் சரி, விரல் மடங்கி நின்றாலும் சரி, மருந்துக்கடையில் கிடைப்பது கால்சியம் மாத்திரைதான். வீட்டில் வாழைப்பழம். இரண்டுமே உடம்பில் ஏதோ சத்து குறைந்திருப்பதாக எடுத்துக்கொள்கின்றன. குறைவு இரத்தத்தில் என்றால் இழுப்பு ஏன் வேலை செய்த சதையைத் தேடிப்பிடித்து வருகிறது?

சத்துக்குறைவு விளக்கத்தை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. வெக்கையான நிலக்கரிச் சுரங்கங்களில் வியர்த்துக் கொட்டி, வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தவர்களுக்கு வந்த பிடிப்பு உப்பு கலந்த நீரால் குறைந்ததை 1923-இல் பிரிட்டனில் ஆய்வாளர் கே. நெவில் மாஸ் விளக்கினார். சாயப்பட்டறையிலும் ஸ்டீம் அயர்ன் டேபிளிலும் நிற்பவர்களுக்கு அந்த விளக்கம் இன்றும் பொருந்தும். அவர்களுக்கு உப்புப் போட்ட மோர் மருந்தேதான். ஆனால் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து தைப்பவருக்கு?

ஓவர்லாக் டெய்லரின் காலைக் கவனித்தால் விடை தெரியும். பெடலை முன்பாதத்தால் அழுத்தும்போதெல்லாம் கெண்டைக்கால் தசை சுருங்குகிறது. பீஸ் ரேட்டில் ஒன்றரை ஷிப்ட் ஓட்டுபவருக்கு அது முழுதாக நீள வாய்ப்பே குறைவு. களைத்த தசை சுருங்கிய நிலையிலேயே வேலை செய்யும்போது, அதை இழுத்துப் பிடிக்கச் சொல்லும் நரம்புச் சைகை கூடுகிறது; தளர்த்தச் சொல்லும் தசைநாண் சைகை குறைகிறது என்று 1997-இல் மருத்துவ ஆய்வாளர் ஷ்வெல்னஸ் குழுவினர் வாதிட்டனர். நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களை அவர்கள் பின்னர் ஆராய்ந்தபோது, பிடிப்பு வந்தவருக்கும் வராதவருக்கும் இரத்த உப்புகளில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணவில்லை. ஓடுபவரிடம் கண்டதைத் தைப்பவருக்கு அப்படியே பொருத்துவதில் எச்சரிக்கை வேண்டும். ஆனாலும் கால்விரலை முகத்தை நோக்கி இழுத்துப் பிடித்தால் கொரக்களி விடுகிறது என்பது லைனில் எல்லோரும் அறிந்தது. தசைநாணை இழுத்து நீட்டுவதே அங்கு நடக்கிறது.

கையின் கதை வேறு. கட்டிங் டேபிளில் கத்தரியைப் பிடித்தால் மட்டும் விரல் சுருண்டு, சோறு பிசையும்போது ஒழுங்காக இருந்தால், அது பெரும்பாலும் மூளையின் இயக்கக் கட்டுப்பாட்டுக் கோளாறு. எழுத்தர், தையற்காரர் போன்றோருக்கு வரும் இவ்வகைத் தொழில் இழுப்பை 1888-லேயே நரம்பியல் மருத்துவர் கவர்ஸ் தம் நூலில் விவரித்துவிட்டார். இதற்குக் கால்சியம் மாத்திரையும் பலிக்காது, நீவிவிடுவதும் பலிக்காது. இரண்டு கையும் ஒருசேர இழுத்து, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி, வாயைச் சுற்றி மரத்துப்போனால்தான் கால்சியம் குறைவை முதலில் சந்தேகிக்க வேண்டும். இரத்தப் பரிசோதனை தேவைப்படுவதும் அங்கேதான். மாத்திரைக்கு நியாயமான இடம் இவ்வளவு சிறியது. ஆகவே எந்த செக்‌ஷன், எத்தனை மணி நேரம் என்று கேட்காமல் எழுதப்படும் மருந்துச் சீட்டு பாதி நோயைத்தான் பார்க்கிறது.

சட்டமும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தந்திப் பணியாளரின் கைப்பிடிப்பை பிரிட்டன் 1908-இலேயே இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்றது. நம் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் பஞ்சுத்தூசியால் வரும் நுரையீரல் நோய் இருந்தது, இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை இருந்தது, தசைப்பிடிப்பு இருக்கவில்லை. அதே சட்டத்தில் வேலைநாளை 12 மணி நேரம்வரை நீட்ட வழிசெய்த தமிழ்நாட்டுத் திருத்தம் 2023 ஏப்ரலில் நிறைவேறி, எதிர்ப்பால் மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. அந்த விவாதத்தில் பேசப்பட்டது ஓய்வும் கூலியும். பன்னிரண்டாம் மணியில் பெடலை அழுத்தும் கெண்டைக்காலைப் பற்றிய மருத்துவச் சான்று அங்கே வலுவான வாதமாகியிருக்கும்.